முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன வாடை, பத்து நாளா போராடுறேன், வழி சொல்லுங்க

புதுவீட்டுக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வாடகைக்கு ஒரு வீடு புடிச்சு குடி வந்து இன்னிக்கு பத்தாவது நாள். பாக்க வந்த அன்னிக்கு எல்லா ஜன்னலும் தெறந்து வச்சிருந்தாங்க, ஹால்ல ஏதோ ரூம் ஸ்ப்ரே தூக்கலா அடிச்சிருந்துச்சு, நானும் 'அட, நல்லா சுத்தமா வச்சிருக்காங்களே'ன்னு நெனச்சு கையெழுத்து போட்டுட்டேன். அந்த ஸ்ப்ரே எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.

காலைல ஒண்ணும் தெரியாது. வெயில் ஏற ஏற ஹால்ல பழைய சிகரெட் வாடை சொவத்துலேர்ந்து கெளம்பி வரும். எங்க வீட்ல யாரும் சிகரெட் தொட்டது கூட கெடையாது. பெட்ரூம்ல அது இல்ல, வேற மாதிரி, கண்ணு ஓரம் சுருக்குனு இருக்கிற ஒரு வாடை, மழை வந்தா ஜாஸ்தி. லோஷன் போட்டு நாலு வாட்டி தரை தொடைச்சாச்சு, வாசனை மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு, கிண்ணத்துல சமையல் சோடா வச்சாச்சு. இப்போ சிகரெட்டும் லாவெண்டரும் கலந்து அடிக்குது, முன்ன இருந்ததே தேவல போல. எங்க வீட்டுக்காரரு 'எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்குத்தான் மனசு'ங்கிறாரு. மனசா மூக்கான்னு நீங்களே சொல்லுங்க.

நடுராத்திரி வாசகி

உங்க மூக்குதான் சரி தோழி. அவருக்குப் பழகிருச்சு, அவ்ளோதான். ஒரே வாடைக்குள்ள கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு அதைக் கண்டுக்காம விட்டுரும், எல்லாருக்கும் அப்படித்தான். அவரை ஒரு மணி நேரம் வெளில நடந்துட்டு வரச்சொல்லி, கதவைத் தெறந்து உள்ள வர்ற மொத மூச்சுல என்ன தெரியுதுன்னு கேளுங்க. அந்த மொத மூச்சுதான் சாட்சி, ரெண்டாவது மூச்செல்லாம் கணக்குல வராது.

சுண்ணாம்புக்கை

இருபது வருஷமா பெயிண்ட் வேலைதான் பாக்குறேன். சிகரெட் வீடு எத்தனையோ பாத்தாச்சு. மொதல்ல ஒரு டெஸ்ட் பண்ணுங்கம்மா. ஒரு வெள்ளத் துணிய வெதுவெதுன்னு சோப்புத் தண்ணில நனைச்சு, கூரைக்குப் பக்கத்துல, சொவத்தோட மேல்பாகத்துல ஒரு சாண் இடத்த தேய்ச்சுப் பாருங்க. துணில டீ கலர் வந்துச்சுன்னா காத்து விட்டோ மெழுகுவர்த்தி ஏத்தியோ ஆகப்போறது ஒண்ணுமில்ல. அது வாடை இல்லம்மா, பசை. பொகை மேல போயி கூரைலயும் சொவத்து மேல்பாகத்துலயும் படிஞ்சு காஞ்சு கெடக்கும், வெயில் பட்டா எளகி மறுபடி வீசும். உங்களுக்கு மத்தியானம் வர்றதுக்குக் காரணம் அதான்.

ஃபேன் றெக்கையோட மேல்பக்கம், ட்யூப்லைட் பட்டி, கதவோட மேல் விளிம்பு, இதெல்லாம் யாரும் தொடைக்கவே மாட்டாங்க. அங்கயும் துணியப் போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ரெண்டாம் மாடி

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஓசோன் மெஷின் ஒண்ணு வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட விட்டா எல்லா வாடையும் காலி. என் ஃப்ரெண்டு பழைய கார் வாங்கி அப்படித்தான் பண்ணான்.

லேப் கோட்

ஓசோன்னு கேட்டதும் ஓடி வந்துட்டேன், மன்னிக்கணும், இது கொஞ்சம் நீளமா போகும்.

ஓசோன் வாடையை மாத்தும், உண்மைதான். ஆனா வாடை போற அளவுக்கு வேணும்னா அது நுரையீரலுக்கு ஆகாத அளவு, நுரையீரலுக்கு ஆபத்தில்லாத அளவுல விட்டா வாடை போகாது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே இதைத்தான் எழுதி வச்சிருக்கு. ஆள், செடி, வளர்ப்புப் பிராணி எதுவும் உள்ள இருக்கக்கூடாது, ரப்பர் சாமானெல்லாம் விரிசல் விட்டுப் போகும். அதை விட முக்கியம், சொவத்துல இருக்கிற நிக்கோட்டினோட ஓசோன் சேர்ந்தா அது மாயமா மறையாது, ஃபார்மால்டிஹைடு மாதிரி கெடுதலான வேற எதாவதா மாறும். ஒரு வாடைய எடுத்துட்டு பேர் தெரியாத இன்னொண்ண வாங்குற மாதிரி. பசைய மொதல்ல தொடைச்சு எடுக்காம ஓசோன் விடுறது குப்பைய எடுக்காம குப்பைத்தொட்டிக்கு செண்ட் அடிக்கிறதுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், தோழி மனசுன்னு சந்தேகப்படுறதால. 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சிகரெட் பிடிக்கிறவங்க காலி பண்ணிட்டுப் போய், வீடு சுத்தம் பண்ணி, சராசரியா ரெண்டு மாசம் பூட்டிக் கெடந்து, அப்பறம் சிகரெட் பிடிக்காதவங்க குடி வந்த வீடுகளைப் பாத்தாங்க. அப்பவும் தூசிலயும் சொவத்துலயும் நிக்கோட்டின் இருந்துச்சு, குடி வந்தவங்க விரல்லயும் இருந்துச்சு. 2010ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, படிஞ்ச நிக்கோட்டின் காத்துல இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோட சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களா மாறுதுன்னு காட்டினாங்க. பயமுறுத்தச் சொல்லல, வீட்ல தவழுற கொழந்தை இருந்தா தரையையும் சொவத்தோட கீழ்ப்பாகத்தையும் மொதல்ல கவனிங்கன்னு சொல்றேன்.

ரெண்டாம் மாடி

சரி சரி, வாபஸ். என் ஃப்ரெண்டு காரை வித்துட்டான், அதையும் சொல்லிடறேன்.

புதுவீட்டுக்காரி

சுண்ணாம்புக்கை அண்ணா, பண்ணிப் பாத்தேன். துணி டீ கலர் இல்ல, டிகாஷன் கலர்! அதுவும் தேய்ச்ச எடத்துலேர்ந்து கீழ நாலஞ்சு பழுப்புக் கோடு வழிஞ்சு நிக்குது, இப்போ சொவத்தப் பாத்தா அழுத மூஞ்சி மாதிரி இருக்கு. ஃபேன் றெக்கை மேல ஒரு இஞ்ச் தூசி, அது கைல ஒட்டுது, பஞ்சு மாதிரி இல்ல, ஜவ்வு மாதிரி. ஸ்விட்ச் போர்டு மூடியக் கழட்டுனா அதுக்குப் பின்னாடி சொவரு வெள்ளை, மத்த எல்லாம் தயிரு பழசான கலர். நான் இத்தனை நாளா இதான் சொவத்துக் கலர்னு நெனச்சிட்டிருந்தேன்.

வீட்டுக்காரரும் வெளில போயிட்டு வந்து மொத மூச்சுலயே மூஞ்சிய சுளிச்சாரு. அது போதும் எனக்கு.

சுண்ணாம்புக்கை

ரைட்டு. இனி முறையா போவோம்.

மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க, ஸ்விட்ச் போர்டு பக்கம் தண்ணி போறதுக்கு முன்னாடியே. ட்ரைசோடியம் பாஸ்பேட்டுன்னு ஒரு பவுடர், பெயிண்ட் கடைக்காரங்களுக்குத் தெரியும், பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுக்குக் கலக்கணும். அது கெடைக்கலன்னா வாஷிங் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு. கையுறை கட்டாயம், கண்ணுக்குக் கண்ணாடி, ஏன்னா கூரைய தொடைக்கிறப்போ சொட்டு நேரா கண்ணுலதான் விழும், நான் அனுபவிச்சிருக்கேன். ரெண்டு பக்கெட் வச்சுக்குங்க, ஒண்ணுல மருந்து, ஒண்ணுல நல்ல தண்ணி. சொவத்தக் கீழேர்ந்து மேல தொடைங்க. எல்லாரும் மேலேர்ந்து கீழ தொடைப்பாங்க, அப்போ அழுக்குத் தண்ணி காஞ்ச சொவத்துல வழிஞ்சு, அந்தக் கோடு போகவே போகாது, உங்களுக்கு வழிஞ்ச மாதிரி. கீழ ஏற்கனவே ஈரமா இருந்தா கோடு புடிக்காது. கடைசில நல்ல தண்ணில தொடைச்சே ஆகணும், மருந்து மிச்சம் இருந்தா மேல பெயிண்ட் ஒட்டாது, ரெண்டு மாசத்துல தோல் உரிஞ்ச மாதிரி வரும்.

தண்ணிய அடிக்கடி மாத்துங்க. மாத்தலன்னா நீங்க தொடைக்கல, பூசுறீங்க.

லேப் கோட்

இதுல ஒரு சின்ன சேர்க்கை. நிக்கோட்டின் காரத் தன்மை உள்ளது. அதனாலதான் தோழி கிண்ணத்துல வச்ச சமையல் சோடா சும்மா வேடிக்கை பாத்துச்சு, அதுவும் காரம் இதுவும் காரம். தார்ப் பசைய எடுக்க அண்ணன் சொன்ன மருந்துதான் சரி. அது கழுவிக் காஞ்சதும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்குன்னு கலந்து இன்னொரு வாட்டி தொடைங்க, மிச்சம் இருக்கிற நிக்கோட்டின் அமிலத்தோட சேர்ந்து உப்பா மாறிரும், உப்பு காத்துல ஏறாது, தண்ணில கரைஞ்சு துணியோட வந்துரும். மார்பிள் மாதிரி கல்லு இருந்தா வினிகர் படக்கூடாது, அரிச்சுரும்.

கரண்டிக் கணக்கு

எல்லாம் சரி, ப்ளீச்சிங் லிக்விட் ஒரு மூடி ஊத்தி அடிச்சா கதை முடிஞ்சுது, எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதான். வினிகரோட சேர்த்து ஊத்தினா இன்னும் பவர்.

லேப் கோட்

இதை யாரும் செய்யாதீங்க, தயவு செஞ்சு. ப்ளீச்சோட வினிகர் சேர்ந்தா குளோரின் வாயு வரும். ப்ளீச்சோட அமோனியா சேர்ந்தா குளோராமைன் வரும். பழைய மூத்திரத்துலயும் அமோனியா இருக்கும், அதனால பூனை நாய் போன எடத்துல ப்ளீச் ஊத்தினாலும் இதே வம்புதான். மூடின பாத்ரூம்ல ஆளையே சாச்சுரும். பவர் இல்ல, விஷம்.

கரண்டிக் கணக்கு

அய்யய்யோ. இத்தனை வருஷமா பாத்ரூம் கழுவுறப்போ தொண்டை எரியுறதுக்குக் காரணம் இதானா… நன்றிங்க, நெஜமாவே.

மியாவ் மாமா

பெட்ரூம் வாடை பத்தி யாருமே பேசல. 'சுருக்குனு இருக்கு, மழை வந்தா ஜாஸ்தி'ன்னு தோழி எழுதின ஒரு வரி போதும் எனக்கு. அது பூனை. நாலு பூனை வளக்குறேன், எனக்குத் தெரியாதா.

மூத்திரம் காஞ்சதும் அதுல இருக்கிற யூரிக் அமிலம் உப்புக்கல்லு மாதிரி பொடிப்பொடியா உக்காந்துக்கும். அது தண்ணில லேசுல கரையாது, அதனாலதான் நீங்க எத்தனை வாட்டி தொடைச்சாலும் மத்ததெல்லாம் போய் அது மட்டும் தங்குது. காத்துல ஈரம் ஏறினா மறுபடி வாடை. வெயில்ல சிகரெட், மழைல பூனை, உங்க வீடு ஷிஃப்ட் போட்டு வேலை பாக்குது.

யூவி டார்ச் ஒண்ணு வாங்குங்க, 365லேர்ந்து 395 நானோமீட்டருக்குள்ள. ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, சொவரும் தரையும் சேர்ற எடத்துல தாழ்வா, சாய்வா அடிங்க. மூத்திரம் பட்ட எடம் மங்கலா மஞ்சப்பச்சையா ஒளிரும். ஒரு எச்சரிக்கை, சோப்புத்தூள் கறையும் ஒளிரும், ஆனா அது நீலமா பளீர்னு இருக்கும். சந்தேகமா இருந்தா குனிஞ்சு மோந்து பாருங்க. ஆமா, குனிஞ்சுதான். வாடை தேடுறவனுக்கு முட்டி தேயணும்.

நடுராத்திரி வாசகி

'வாடை தேடுறவனுக்கு முட்டி தேயணும்' 😂 மாமா, இதை எழுதி சொவத்துல ஒட்டணும், சுத்தம் பண்ணின சொவத்துல.

புதுவீட்டுக்காரி

நாலு நாள் காணாமப் போனதுக்கு மன்னிக்கணும், தோள்பட்டை ரெண்டும் கழண்டு கெடக்கு. ஹால் முடிஞ்சுது. பதினாறு பக்கெட் தண்ணி, எண்ணினேன். மொத அஞ்சு பக்கெட் டிகாஷன், அப்பறம் டீ, கடைசில எலுமிச்சை ஜூஸ் கலர். ஹால்ல வாடை முக்காவாசி கொறைஞ்சிருச்சு, மத்தியானம் மட்டும் லேசா.

ஆனா ஒரு கொடுமை, சிகரெட் கொறைஞ்சதும் பெட்ரூம் வாடை ரெண்டு மடங்கு தெரியுது. இது வரைக்கும் அதை இது மறைச்சிட்டு இருந்திருக்கு.

நேத்து ராத்திரி டார்ச் அடிச்சோம். சத்தியமா சொல்றேன், கூட்டமா நட்சத்திரம் பாத்த மாதிரி இருந்துச்சு. ஜன்னலுக்குக் கீழ மூலைல, அடிச்சுவர்ப் பலகை மேல ஒரு முழ உயரத்துல தெளிச்சு விட்ட மாதிரி புள்ளி, அங்கேர்ந்து கோடா கீழ வழிஞ்சு பலகைக்குப் பின்னாடி போயிருக்கு. நான் நாலு வாட்டி தொடைச்ச தரையில ஒண்ணுமே இல்ல! வீட்டுக்காரரு ஸ்க்ரூ ட்ரைவர் வச்சு பலகைய நெம்பி எடுத்தாரு. பின்னாடி மரம் கருத்துப் போயி, அடில வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி. எடுத்த அந்த நிமிஷம் ரெண்டு பேரும் வெளில ஓடி வந்துட்டோம்.

மியாவ் மாமா

அதான், அதேதான். ஒரு முழ உயரம்னா பெரும்பாலும் ஆண் பூனை, வாலைத் தூக்கிட்டு பீச்சினது. ஜன்னலுக்குக் கீழன்னா வெளில வேற பூனை வந்து போயிருக்கும், இது உள்ளேர்ந்து 'இது என் எடம்'னு கையெழுத்து போட்டிருக்கு.

அந்தப் பலகையைக் காப்பாத்தப் பாக்காதீங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க. சொவத்துக்கும் தரைக்கும் என்சைம் க்ளீனர் வாங்குங்க, பூனை மூத்திரத்துக்குன்னே வர்றது. அதைத் தெளிச்சுத் தொடைக்கக் கூடாது, மூத்திரம் எவ்ளோ ஆழம் போச்சோ அவ்ளோ ஆழம் இதுவும் போகணும், அதனால நல்லா ஊத்தி, மேல ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் போட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க. காய விட்டா அதோட வேலை நின்னுரும். மறுநாள் வாடை இன்னும் ஜாஸ்தியா தெரியலாம், பயந்துறாதீங்க, ஈரத்துல கெளம்புறதுதான். ரெண்டு மூணு சுத்து ஆகும். அதுக்கு முன்னாடி லோஷன் மிச்சம் இல்லாம வெறும் தண்ணில கழுவிருங்க, லோஷன் இருந்தா என்சைம் வேலை செய்யாது. நீராவி மெஷின் பக்கமே போகாதீங்க, சூடு கறைய இன்னும் உள்ள ஏத்திரும்.

லேப் கோட்

பூனை வாடைல ஒரு விசேஷம் இருக்கு. ஃபெலினின்னு ஒரு அமினோ அமிலம் பூனை மூத்திரத்துல இருக்கும், ஆண் பூனைக்கு ரொம்ப ஜாஸ்தி. அது நாள்பட உடைஞ்சு கந்தகம் உள்ள ஒரு பொருளா மாறும். பழசு ஆக ஆக வாடை ஏறுறது அதனாலதான். யூரிக் அமிலத்தை என்சைம் பாத்துக்கும், கந்தக வாடைக்கு ஆக்சிஜன் ஏத்துற ஏதாவது வேணும். என்சைம் வேலை முடிஞ்சு காஞ்ச பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுல கொஞ்சம் சமையல் சோடா, ரெண்டு சொட்டு சோப்பு கலந்து பூசுங்க. கலர் வெளுக்கும், அதனால ஓரத்துல ஒரு எடத்துல பாத்துட்டு செய்யுங்க. கலந்ததை உடனே தீத்துருங்க, பாட்டில்ல ஊத்தி மூடி வச்சா வாயு சேர்ந்து வெடிக்கும்.

அலமாரி அம்மிணி

இடைல புகுந்ததுக்கு மன்னிக்கணும், எங்க வீட்ல வேற பிரச்சனை. முன்னாடி இருந்தவங்க மர அலமாரி முழுக்க நாப்தலின் உருண்டை போட்டு வச்சிருந்தாங்க போல. உருண்டை ஒண்ணும் இல்ல இப்போ, ஆனா உள்ள வச்ச துணியெல்லாம் அதே வாடை, ஆபீஸ்ல பக்கத்து சீட் பொண்ணு 'உங்க பாட்டி புடவையா'ன்னு கேக்குறா. கைக்கொழந்தை வேற இருக்கு.

லேப் கோட்

கொழந்தை துணிய மொதல்ல அந்த அலமாரிலேர்ந்து எடுத்துருங்க, வேற எடத்துல வச்சு நல்லா துவைச்சு வெயில்ல காயப்போடுங்க. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவுல ஒரு என்சைம் கொறைவா இருக்கிற பரம்பரைக் கோளாறு) உள்ள கொழந்தைகளுக்கு நாப்தலின் ரத்த அணுக்களை உடைச்சுரும், அந்தக் குறைபாடு இருக்கிறது பல வீட்ல தெரியவே தெரியாது.

அலமாரிக்கு வழி சூடும் காத்தும்தான். நாப்தலின் திடமா இருந்து நேரா ஆவியாகும், மரத்துக்குள்ள போனதும் அதே வழில மெதுவா வெளில வரும். ட்ராயரெல்லாம் கழட்டி வெயில்ல வைங்க, கதவைத் தெறந்து ஃபேன் விடுங்க, ஒரு நாள்ல முடியாது, வாரக்கணக்கு. நடுவுல ஆக்டிவேட்டட் கரி பை வைக்கலாம், ஒரு கிராம் கரிக்குள்ள இருக்கிற நுண்துளைப் பரப்பைப் பிரிச்சுப் போட்டா ஆயிரம் சதுர மீட்டர் வரும், அதுல போயி ஒட்டிக்கும். அடுப்புக்கரி அந்த அளவுக்கு வேலை செய்யாது.

சுண்ணாம்புக்கை

அலமாரி உள்பக்கம் பெரும்பாலும் பாலிஷ் போடாம பச்சை மரமா விட்டிருப்பாங்க, அதான் குடிக்குது. காத்தாட விட்டு முக்காவாசி போனதும் உள்ள அரக்கு வார்னிஷ் ஒரு கோட்டு அடிச்சா மிச்சம் உள்ளயே அடைஞ்சுரும்.

குழாய் மனுஷன்

எல்லாரும் சொவத்தையும் பூனையையும் பாக்குறீங்க, நான் ப்ளம்பர், என் பங்குக்கு ஒண்ணு. 'முன்னாடி இருந்தவங்க வாடை'ன்னு என்னைக் கூப்புடுற வீட்ல பாதிக்கு மேல முன்னாடி இருந்தவங்க பாவம் ஒண்ணுமே பண்ணிருக்க மாட்டாங்க. பாத்ரூம் தரைல தண்ணி போற ஓட்டை மூடி இருக்குல்ல, அதுக்குக் கீழ வளைவா ஒரு ட்ராப், அதுல எப்பவும் ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் சாக்கடைக் காத்துக்குக் கதவு. வீடு ஒரு மாசம் பூட்டிக் கெடந்தா தண்ணி காஞ்சு கதவு தெறந்துக்கும். ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா முடிஞ்சுது வேலை. அதிகம் பொழங்காத பாத்ரூம்னா மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்க, சீக்கிரம் ஆவியாகாது.

போன வருஷம் ஒரு வீட்ல ஹாலுக்கு ரெண்டு வாட்டி பெயிண்ட் அடிச்சிட்டு என்னைக் கூப்பிட்டாங்க. நான் வாஷிங் மெஷினுக்குன்னு விட்டிருந்த ஓட்டைல ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வந்துட்டேன். காசு கேக்க வெக்கமா இருந்துச்சு, கேட்டேன்.

புதுவீட்டுக்காரி

குழாய் அண்ணா, சிரிப்பு வந்தாலும் போயி ஊத்திட்டு வந்தேன் 😄 பின்பக்கப் பாத்ரூம்ல ஊத்தினப்போ கடகடன்னு உள்ள போச்சு, காஞ்சுதான் கெடந்திருக்கு. அங்க வாடை இருந்ததையே நான் கவனிக்கல.

பெட்ரூம் நெலவரம்: பலகைய எறிஞ்சாச்சு, என்சைம் ரெண்டு சுத்து முடிஞ்சுது. மொத சுத்துக்கு அப்பறம் மாமா சொன்ன மாதிரியே வாடை ஏறுச்சு, அழுகையே வந்துருச்சு எனக்கு. ரெண்டாவதுக்கு அப்பறம் மூலைல மூக்கை வச்சாத்தான் தெரியுது, நின்னா தெரியல. ஆனா தரை சிமெண்ட்ல ஒரு கையளவு எடம் இன்னும் ஒளிருது. ஓனர்கிட்ட பேசினேன், பெயிண்ட் அவரே வாங்கித் தர்றேன்னாரு, சாதாரண வெள்ளை. அடிச்சிரலாமா?

சுண்ணாம்புக்கை

அவசரப்படாதீங்க, இங்கதான் எல்லாரும் சறுக்குறது. சாதாரண தண்ணி பெயிண்ட நேரா அடிச்சா ஒரு வாரம் பெயிண்ட் வாடை, அப்பறம் சிகரெட் வாடை, மழைக்காலத்துல மஞ்சக் கறையும் மேல ஊறி வரும். தண்ணி பெயிண்ட் அடில இருக்கிற நிக்கோட்டினக் கரைச்சு மேல இழுத்துட்டு வரும். நடுவுல ஒரு தடுப்பு வேணும்.

அரக்கு ப்ரைமர்னு கேளுங்க, ஷெல்லாக் ப்ரைமர்னா கடைல தெரியும். அரக்குப் பூச்சி சுரக்கிற அதே அரக்குதான், ஸ்பிரிட்ல கரைச்சது. காஞ்சா கண்ணாடி மாதிரி ஒரு படலம், அதைத் தாண்டி வாடை வராது. அரை மணில தொடலாம், ஒரு மணில அடுத்த கோட்டு. ஆனா ஸ்பிரிட் ஆவி தீப்புடிக்கும், அடுப்பு வெளக்கு எதுவும் எரியக்கூடாது, ஜன்னல் எல்லாம் தெறந்திருக்கணும், கொழந்தைங்க அன்னிக்கு வெளில. ப்ரஷ்ஷ தண்ணில கழுவினா போகாது, ஸ்பிரிட்லதான்.

தரை சிமெண்ட் கையளவுக்கும் அதே ப்ரைமர் ரெண்டு கோட்டு. நல்லா காஞ்ச பிறகு மட்டும், ஈரத்தோட மூடினா உள்ள பூசணம் புடிக்கும். கழுவாம அடிச்சிராதீங்கன்னு சொல்லவே வேணாம், நீங்கதான் பதினாறு பக்கெட் ஆளாச்சே.

பூசணக்காரன்

பூசணம்னதும் ஞாபகம். எங்க வீட்ல முன்னாடி இருந்தவங்க கட்டிலுக்குப் பின்னாடி சொவத்துல பூசணம், அதை மறைக்க மேல வால்பேப்பர், அதுக்கும் மேல பெயிண்ட். கிழிச்சப்போ மூணு அடுக்கும் ஒண்ணா வந்துச்சு, சொவரு கருப்பு. மண்ணு வாடை அடிச்சா அது ஆளோட வாடை இல்ல, தண்ணியோட வாடை, எங்கயோ ஒழுகுது. ஈரமானி ஒண்ணு வாங்கி வச்சோம், 60 சதவீதத்துக்கு மேல போகாம பாத்துக்கிட்டா திரும்ப வரல. ஒழுகலை அடைக்காம என்ன அடிச்சாலும் ஆறு மாசம்தான்.

நடுராத்திரி வாசகி

ஏசி இருந்தா அதையும் பாத்துருங்க தோழி. ஃபில்டர் மட்டும் கழுவினாப் பத்தாது, உள்ள இருக்கிற காயில்ல அஞ்சு வருஷ பொகை படிஞ்சிருக்கும், போட்ட மொத ரெண்டு நிமிஷம் முகத்துல அடிக்கும். எனக்கு அப்படித்தான், சொவரெல்லாம் பண்ணிட்டு ஏசியப் போட்டேன், பழைய குடித்தனக்காரர் நேர்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. சர்வீஸ் ஆள் வச்சு காயிலையும், அடில தண்ணி விழுற தட்டையும் கழுவச் சொல்லுங்க.

அப்பறம், ஏர் ப்யூரிஃபையர் வாங்கி ஏமாந்தவ நான். ஹெப்பா ஃபில்டர் தூசி, பொகைத் துகளைப் புடிக்கும், வாடைங்கிறது வாயு, அது நேரா பூந்து வந்துரும். கரி ஃபில்டர் கனமா இருந்தாத்தான் பிரயோஜனம், எங்களுது ஒரு கரித்துணி மாதிரி மெல்லிசா இருந்துச்சு.

கரண்டிக் கணக்கு

ஜன்னல் திரை? யாரும் சொல்லல. முன்னாடி இருந்தவங்க தெரைய விட்டுட்டுப் போனா நம்மளும் ஆசையா அப்படியே வச்சிக்கிறோம்ல.

மியாவ் மாமா

நல்ல பாயிண்ட், ப்ளீச் பாவம் கழிஞ்சுது உங்களுக்கு. திரை, கார்ப்பெட், விட்டுட்டுப் போன மெத்தை, இதெல்லாம் ஸ்பாஞ்சு. திரைய துவைச்சுப் பாக்கலாம். கார்ப்பெட்டுக்கு அடில இருக்கிற பஞ்சு அட்டைல மூத்திரம் எறங்கியிருந்தா மேல எவ்ளோ கழுவினாலும் வீண், மெத்தைன்னா யோசிக்கவே வேணாம்.

புதுவீட்டுக்காரி

ஒரு மாசம் கழிச்சு எழுதுறேன், கேட்டவங்களுக்காக.

ஹால், பெட்ரூம் ரெண்டுக்கும் அரக்கு ப்ரைமர் ஒரு கோட்டு, மூலைக்கும் தரைக்கும் ரெண்டு கோட்டு, மேல ஓனர் குடுத்த வெள்ளை. ப்ரைமர் அடிச்ச அன்னிக்கு ஸ்பிரிட் வாடைல தலை சுத்துச்சு, அண்ணன் சொன்னபடி கொழந்தைங்கள அக்கா வீட்ல விட்டிருந்தோம், நல்லதாப் போச்சு. திரை ரெண்டு துவைக்கு அப்பறமும் விடல, எறிஞ்சாச்சு. ஏசி கழுவின தண்ணிய பக்கெட்ல புடிச்சு வீட்டுக்காரர்கிட்ட காமிச்சேன், மனசுன்னு சொன்னவருக்கு.

போன வாரம் மூணு நாள் ஊருக்குப் போயிட்டோம், வீடு பூட்டி, விடாம மழை. திரும்பி வந்து கதவைத் தெறந்து ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு மொத மூச்சு இழுத்தோம். ஒண்ணுமில்ல. பூட்டின வீட்டு வாடை மட்டும்.

அப்பறம் ராத்திரி சமையல்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன். கறுப்பா, பிசுக்குனு ஒரு சொட்டு அடுப்பு மேல விழுந்துச்சு. எண்ணெய் கெட்டுப்போன வாடை.

சுண்ணாம்புக்கை

ஃபேனைக் கழட்டாதீங்க, மொதல்ல கரண்ட ஆஃப் பண்ணுங்க. வாஷிங் சோடா மிச்சம் இருக்கா?

புதுவீட்டுக்காரி

அரை பாக்கெட் இருக்குண்ணா.

சுண்ணாம்புக்கை

போதும். சுடுதண்ணி வைங்க, வர்றேன்.